நோயின் ஐந்தாம் கூறு: தமிழ்ப் புனைகதைகள் மூன்றில் உழைப்பும் உடல்நலமும்

ஆய்வுச் சுருக்கம்

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என்னும் நான்கு கூறுகளைக் கொண்டது மருத்துவம் எனத் திருக்குறள் வகுக்கிறது. ஒருவரின் நோயைத் தீர்ப்பதற்கு இப்பகுப்பு போதுமானது. ஒரே ஊரில், ஒரே காலத்தில் வாழ்வோருள் நோய் ஏன் சிலரையே மிகுதியாகப் பற்றுகிறது என்ற வினாவுக்கு இதில் விடை இல்லை. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’, பி.எச். டேனியலின் ‘எரியும் பனிக்காடு’, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ ஆகிய மூன்று புனைகதைகளும் உழைப்பை விலைக்கு வாங்குவோரை ஐந்தாம் கூறாக முன்னிறுத்துகின்றன என்பதையும், அவ்வாறு முன்னிறுத்துவதில் ஒவ்வொன்றும் எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. நோயைத் தீர்ப்பதற்கும் நோய் வரும் வழியை அடைப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை வலியுறுத்தும் சமூக மருத்துவச் சிந்தனை இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சமூக மருத்துவம், உழைப்பு, பொருளாதார ஏற்றத்தாழ்வு, புலம்பெயர்வு, புதுமைப்பித்தன், பி.எச். டேனியல், ராஜம் கிருஷ்ணன்.

முன்னுரை

தமிழில் நோயைப் பேசும் புனைகதைகள் பல உள்ளன. அவற்றைக் குறித்த திறனாய்வுகள் பெரும்பாலும் இரு வழிகளில் செல்கின்றன. நோயை அவலச் சுவைக்குரிய சூழலாகக் கண்டு, பாத்திரங்களின் துயரத்தையும் ஆசிரியரின் உத்தியையும் விளக்குவது ஒரு வழி. நோயை வறுமையின் அடையாளமாகக் கொண்டு, படைப்பைச் சமூக அவலத்தின் ஆவணமாக மதிப்பிடுவது மற்றொன்று. முதல் வழியில் நோய்க்குக் காரணமே தேவைப்படுவதில்லை. இரண்டாம் வழியிலோ ‘வறுமை’ என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் காரணமாகிவிடுகிறது. வறுமை எந்த வழியாக உடலுக்குள் நுழைகிறது, கூலியின் அளவு எவ்வாறு காய்ச்சலாகவும் புண்ணாகவும் மாறுகிறது என்ற இடைப்பட்ட படிகளை இரு வழிகளுமே விட்டுவிடுகின்றன.

இப்படிகளைக் காட்டுவதே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மூன்று படைப்புகளின் தனிச்சிறப்பு. ‘செல்லம்மாள்’ நகரத்துக் கடைச் சிப்பந்தியின் வீட்டையும், ‘எரியும் பனிக்காடு’ ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தையும், ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத்தையும் களமாகக் கொண்டவை. காலத்தாலும் வடிவத்தாலும் வேறுபட்ட இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, ஊரை விட்டுப் பெயர்ந்து கூலிக்கு உழைக்க வந்தவரின் உடலே இவற்றின் பொதுப்பொருள் என்பது தெளிவாகிறது.

குறளின் நால்வகையும் விடுபட்ட வினாவும்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் மூலத்தையும் ஆராய்ந்து, தணிக்கும் வழியறிந்து செயல்பட வேண்டும் என வலியுறுத்துகிறது. நோயின் மூலத்தைத் தேடச் சொல்லும் இம்முறை இன்றைய மருத்துவருக்கும் ஏற்புடையது. ஆயினும் அவ்வதிகாரம் விரித்துரைக்கும் மூலம் பெரும்பாலும் உண்பவரின் அளவு பற்றியது. முன்னர் உண்டது செரித்தபின் உண்ணுதல், பசித்தபின் உண்ணுதல், மிகாமல் உண்ணுதல் என்பனவே அதன் அறிவுரைகள். உணவு தன் முன்னே இருக்க, எவ்வளவு உண்பது என்று தேரும் வாய்ப்புடையவரையே அது முன்னிலைப்படுத்துகிறது. இல்லாமையைப் பேசும் ‘நல்குரவு’ அதிகாரமும் அதே பொருட்பாலில்தான் உள்ளது. எனினும் இவ்விரண்டு அதிகாரங்களும் நேரடியாக இணைக்கப்படவில்லை. இது குறளின் குறையன்று. அறநூல் தனிமனிதரை நோக்கிப் பேசுவதன் இயல்பு.

‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என நான்காக வகுக்கிறது. இவற்றுள் உழைச்செல்வான் என்னும் நான்காம் கூறு குறிப்பிடத்தக்கது. உடனிருந்து பேணுபவர் இல்லாமல் மருத்துவம் நிறைவுறாது என்ற நுண்ணறிவு அதில் உள்ளது. அதே வேளையில், பேணுபவரின் நேரம் அவருக்கே உரியது என்ற எடுகோளும் அதில் அடங்கியுள்ளது. கூலிக்கு உழைப்பவரின் வாழ்வில் இந்த எடுகோள் நிலைப்பதில்லை.

தற்காலச் சமூக மருத்துவம் இவ்விடுபட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது. 1848-இல் மேல் சிலேசியாவில் பரவிய டைபஸ் கொள்ளைநோயை ஆராயச் சென்ற ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, மருந்துகளைக் காட்டிலும் கல்வி, மக்களாட்சி, பொருளியல் முன்னேற்றம் ஆகியவற்றையே தீர்வாக முன்வைத்தார். ஆங்கிலேய மருத்துவவியலாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் எழுதிய கட்டுரையில், இந்த ஒருவருக்கு ஏன் நோய் வந்தது என்ற வினாவும், இந்த மக்கள்திரளில் ஏன் இவ்வளவு பேருக்கு நோய் வருகிறது என்ற வினாவும் வெவ்வேறானவை என்று விளக்கினார். முதல் வினாவுக்கான விடை இரண்டாம் வினாவுக்கு விடையாவதில்லை. இவ்வேறுபாட்டைத் துணைக்கொண்டே பின்வரும் வாசிப்புகள் அமைகின்றன.

‘செல்லம்மாள்’: விற்கப்பட்ட நேரம்

1940-களில் எழுதப்பட்ட ‘செல்லம்மாள்’, மனைவியின் உயிர் பிரிந்த தருணத்தில் தொடங்கி, அவளுடைய கடைசி நாட்களுக்குப் பின்னோக்கிச் செல்லும் கதை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்த பிரமநாயகம் பிள்ளை ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. நோயுற்ற மனைவியை விட்டால் அவருக்கு அங்கே உறவு இல்லை. நோயின் பெயர் கதையில் முதன்மை பெறுவதில்லை என்பது கருதத்தக்கது. பெயர் முதன்மை பெற்றிருந்தால் வாசகரின் கவனம் மருந்தின் மேல் சென்றிருக்கும். புதுமைப்பித்தன் அதைத் தவிர்த்து, கவனத்தை வீட்டின் நாளொழுங்கின்மேல் நிறுத்துகிறார்.

அந்நாளொழுங்கு கடையைச் சுற்றி அமைந்தது. வாடகை குறைவு என்பதற்காக நகரின் ஓரத்தில் வீடு. அதனால் கடைக்கும் வீட்டுக்கும் இடையே தொலைவு. தொலைவினால் விடியலில் புறப்பாடு, இரவில் திரும்புதல். இடைப்பட்ட நேரமெல்லாம் செல்லம்மாள் தனிமையில் கிடக்கிறாள். அவளுக்கு முடியாத நாட்களில் சமையலும் பணிவிடையும் பிள்ளையின் பொறுப்பு. அதன்பின்னும் கடைக்குப் போயாக வேண்டும். குறள் கூறும் உழைச்செல்வான் இங்கே இருக்கிறார். அன்போடும் பொறுமையோடும் இருக்கிறார். ஆனால் அவருடைய பகற்பொழுது வேறொருவரால் வாங்கப்பட்டுவிட்டது. மருத்துவரும் கதையில் வருகிறார், மருந்தும் வருகிறது. நால்வகையும் குறைவின்றி இருந்தும் செல்லம்மாள் இறக்கிறாள். மருத்துவத்தின் தோல்வியாகவோ கணவனின் அலட்சியமாகவோ இதைக் கதை சித்திரிக்கவில்லை. நால்வகையையும் ஒரே இடத்தில், வேண்டிய நேரத்தில் கூடவிடாத ஐந்தாம் கூறு ஒன்று கதையின் பின்புலத்தில் கடை முதலாளியின் வடிவில் நிற்கிறது.

முதலாளி கொடியவராகச் சித்திரிக்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒருவரின் கொடுமையே நோய்க்குக் காரணமென்றால் நல்ல முதலாளி வந்தால் நோய் நீங்கிவிடும். காரணம் தனிமனித குணத்தில் இல்லை, ஏற்பாட்டில் உள்ளது என்பதே கதை எழுப்பும் பொருள். ஊரில் இருந்திருந்தால் தாயோ உடன்பிறந்தவளோ அண்டை வீட்டாரோ செய்திருக்கக்கூடிய பணிவிடையை நகரம் இல்லாமலாக்கிவிட்டது; அதற்கு ஈடாக எதையும் தரவில்லை. செல்லம்மாள் நோயின் மயக்கத்தில் தன் தாய் வந்ததாகக் காண்பதும், ஊருக்குப் போக ஏங்குவதும் இழந்துபோன அப்பேணுதல் அமைப்பையே சுட்டுகின்றன எனலாம்.

பிள்ளை பரம ஏழையல்லர். மாதச் சம்பளம் பெறுபவர். பொருளாதார ஏற்றத்தாழ்வு உடலைத் தாக்குவதற்குப் பட்டினி மட்டுமே வழியன்று என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. பிரிட்டனில் 1967-இல் அரசு ஊழியரிடையே தொடங்கப்பட்ட ஒயிட்ஹால் ஆய்வில், கடைநிலைப் பணியாளர் இதய நோயால் இறக்கும் வீதம் உயர்நிலை அலுவலரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் கண்டறியப்பட்டது. அவர்கள் அனைவரும் நிலையான வேலையில் இருந்தவர்கள். அனைவருக்கும் அரசின் இலவச மருத்துவமும் கிடைத்தது. புகைபிடித்தல், குருதி அழுத்தம் போன்ற அறியப்பட்ட காரணிகள் இவ்வேறுபாட்டின் சிறுபகுதியையே விளக்கின. தன் வேலையின் மேலும் நேரத்தின் மேலும் ஒருவருக்குள்ள ஆளுகை குறையக் குறைய நலமும் குறைகிறது என்ற கருத்து அதன் தொடர் ஆய்வுகளில் வலுப்பெற்றது. பிரமநாயகம் பிள்ளையின் வீட்டில் நிகழ்வதும் நேரத்தின் மேலுள்ள ஆளுகை இழப்பே.

இக்கதைக்கு ஓர் எல்லையும் உண்டு. நோய் முழுவதும் கணவனின் கண்வழியே காட்டப்படுகிறது. செல்லம்மாளின் உடல் பிள்ளையின் பொறுமைக்கும் களைப்புக்கும் களமாகிறதே தவிர, அவளுடைய பகல் எவ்வாறு கழிகிறது, அவள் எதை உண்கிறாள், எப்போது படுக்கிறாள் என்பன பெரும்பாலும் இருளிலேயே உள்ளன. விற்கப்பட்ட நேரத்தின் விலையைக் கதை துல்லியமாகக் காட்டுகிறது. விலையே இல்லாத வீட்டு உழைப்பு, நோயுற்ற பெண்ணின் உடலில் என்ன செய்தது என்பதை அது தொடவில்லை. கதையைப் போற்றும் திறனாய்வுகள் பிள்ளையின் மனநிலையிலேயே தோய்ந்து நிற்பதற்கு இப்பார்வைக் கோணமும் ஒரு காரணம்.

‘எரியும் பனிக்காடு’: கணக்கேடும் காய்ச்சலும்

பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தோட்டத் தொழிலாளர் சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். அவர் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவல், 38 ஆண்டுகள் கழித்து, 2007-இல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வெளிவந்தது. யாருடைய உடல்கள் அதில் பேசப்பட்டனவோ அவர்களுடைய மொழிக்கு அது வந்து சேர இத்தனை காலமாயிற்று.

1925-இல், பஞ்சத்தில் வாடும் மயிலோடை என்னும் சிற்றூரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். இம்முன்பணமே நாவலில் நோயின் தொடக்கப்புள்ளி. முன்பணம் கடனாகிறது, கம்பளிக்கும் அரிசிக்கும் பிடித்தம் செய்யப்படுகிறது, கடன் தீராமல் மலையிறங்க இயலாது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலியில்லை. கூலியில்லாத நாளில் கடன் குறைவதுமில்லை. ஆகவே காய்ச்சலோடு வேலைக்குப் போவது அறியாமையால் அன்று, கணக்கின் கட்டாயத்தால். ஓய்வு கிடைத்தால் தணிந்திருக்கக்கூடிய காய்ச்சல் முற்றுகிறது; முற்றிய நோய் கடனைக் கூட்டுகிறது; கூடிய கடன் அடுத்த ஆண்டையும் விலைக்கு வாங்குகிறது. ஆண்டிறுதிக் கணக்குத் தீர்க்கும் நாள் நாவலில் அச்சமூட்டுவதற்கு இதுவே காரணம். முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கிய 1859-ஆம் ஆண்டின் சட்டத்தை நினைவிற் கொண்டால், இக்கட்டாயம் கதைக்காகப் புனையப்பட்டதன்று என்பது விளங்கும்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இலேயே செகந்திராபாத்தில் கண்டறிந்துவிட்டார். நாவலின் காலத்தில் நோயின் உடனடிக் காரணம் மருத்துவ உலகுக்குத் தெரியாததன்று. காடழித்துத் தோட்டம் அமைத்தபோது மலையோடைகள் வெயிலுக்குத் திறந்துவிடப்பட்டன. மெல்ல ஓடும் அத்தகைய தெளிந்த நீரிலேயே மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் புளுவியாட்டிலிஸ் என்னும் கொசுவினம் பெருகும். அந்நோய்க்கு எதிர்ப்பாற்றல் பெற்றிராத சமவெளி மக்கள் குளிரும் மழையும் மிகுந்த மலையில் நெருக்கமான லைன் வீடுகளில் அடைக்கப்பட்டனர். கொசு துரையையும் கடிக்கும், தொழிலாளியையும் கடிக்கும். கொயினாவும் கொசுவலையும் ஓய்வும் நல்லுணவும் ஒருபுறமும், இவை எதுவுமற்ற உடல் மறுபுறமும் இருந்ததால் ஒரே கொசு இருவேறு விளைவுகளைத் தந்தது. நிலமாற்றம், இடப்பெயர்வு, கடன் என்னும் மூன்று சமூக மாற்றங்கள் ஓர் உயிரியல் காரணத்தின் வழியாகச் செயல்படும் முறையை இந்நாவலைப்போல் படிப்படியாகக் காட்டிய தமிழ்ப் படைப்புகள் அரியவை.

நாவலின் பிற்பகுதியில் வரும் மருத்துவர் ஆபிரகாம் திறனாய்வுக்குரிய சிக்கலைத் தருகிறார். அவர் முறையாகப் பயின்றவர்; மனிதநேயம் மிக்கவர். அவர் வருகையால் வாசகர் ஆறுதலடைகிறார். ஆனால் அந்த ஆறுதலே நாவலின் முற்பகுதி எழுப்பிய வினாவை மழுப்பவும் செய்கிறது. முற்பகுதியில் நோயின் மூலம் கணக்கேட்டில் இருந்தது; பிற்பகுதியில் அது நல்ல மருத்துவர் இல்லாமையாகச் சுருங்கும் வாய்ப்பு உண்டாகிறது. தொழிலாளர் தம் துன்பத்தைத் தாமே புரிந்துகொண்டு செயல்படுவோராக வளர்வதை விட, ஒருவரால் காக்கப்படுவோராக நிற்பதும் இதன் விளைவே. டேனியலின் வாழ்க்கை அவருடைய பாத்திரத்தைத் தாண்டிச் சென்றது. மருத்துவமனையோடு நில்லாமல் தொழிற்சங்கத்துக்கும் அவர் சென்றதற்கு, மருந்தறையில் இருந்துகொண்டு கணக்கேட்டைத் திருத்த முடியாது என்ற உணர்வு காரணமாகலாம்.

இந்நாவலைத் தழுவி 2013-இல் வெளிவந்த பாலாவின் ‘பரதேசி’ திரைப்படம் மருத்துவரை மதமாற்ற ஊழியராக மாற்றிக் காட்டியது. அதனால் எழுந்த சர்ச்சை பெரும்பாலும் மதம் பற்றியதாகவே அமைந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, மருத்துவம் எங்கே நிற்கிறது, முதலாளியின் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று நாவல் எழுப்பிய வினா திரையில் காணாமற்போனதே ஆகும்.

‘கரிப்பு மணிகள்’: பெயரில்லாத தேய்வு

ராஜம் கிருஷ்ணன் களத்துக்கே சென்று மக்களிடம் தகவல் திரட்டி எழுதியவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ 1979-இல் வெளிவந்தது. பிழைப்புக்காக உப்பளத்துக்கு வரும் பொன்னாச்சி என்னும் பெண்ணை மையமாகக் கொண்ட இந்நாவலில் கொள்ளைநோய் இல்லை. மரணப்படுக்கையும் மையமாக இல்லை. இதில் உள்ளது தேய்வு. வெயிலில் வெண்மை பரப்பும் பாத்திகளைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசுகிறது. கரிப்பு நீரில் நின்று நின்று கால் புண்ணாகிறது. சுற்றிலும் நீர் நிறைந்திருக்க, குடிக்கும் நீர் அரிதாகிறது. எந்த ஒரு நாளையும் நோய் தொடங்கிய நாள் என்று குறிக்க இயலாது. வேலையும் நோயும் பிரிக்க முடியாதவையாக ஒன்றில் ஒன்று கரைந்திருக்கின்றன.

முந்தைய இரு படைப்புகளிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே. ‘செல்லம்மா’ளில் மருத்துவர் அழைக்கப்படுகிறார்; ‘எரியும் பனிக்காட்’டில் மருத்துவருக்காகக் காத்திருக்கிறார்கள். உப்பளத்தில் மருத்துவரிடம் சொல்வதற்கே ஒன்றுமில்லை என்ற நிலை. எல்லோருக்கும் இருக்கும் புண்ணை ஒருவரும் நோயென்று கருதுவதில்லை. ரோஸ் சுட்டிய சிக்கலின் கூர்மையான வடிவம் இது. ஒரு மக்கள்திரள் முழுவதும் ஒரே தீங்குக்கு ஆட்படும்போது அத்தீங்கு கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது. அது அவர்களின் இயல்பாகவே கொள்ளப்படுகிறது. அத்திரளுக்கு வெளியே நின்று ஒப்பிட்டால்தான் அது புலப்படும். வெளியிலிருந்து வரும் பொன்னாச்சியின் பார்வையை நாவல் மையமாகக் கொண்டதன் பயன் இதுதான். மற்றவர்க்குப் பழகிப்போனது அவளுக்குப் புதிதாக உறைக்கிறது.

பெண் தொழிலாளருக்கு இத்தேய்வு இரட்டிப்பாகிறது. அளத்தின் வேலை முடிந்தபின் வீட்டு வேலை தொடங்குகிறது. அதிகாரம் உடையோரின் அத்துமீறலுக்கும் அவர்களே ஆளாகின்றனர். ‘செல்லம்மாள்’ இருளில் விட்ட பெண்ணின் பகற்பொழுதை இந்நாவல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது எனலாம். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே அண்மைக் காலத்தில் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வுகள் வெப்ப அழுத்தம், நீரிழப்பு, சிறுநீரகச் செயல்குறைவு ஆகியவற்றைப் பதிவு செய்துள்ளன. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாதபோது பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர் என்பதும், அது உடலை மேலும் பாதிக்கிறது என்பதும் இத்தகைய தொழில்களில் அறியப்பட்டவை. இங்கே நோய் வரும் வழி ஒரு கழிப்பறையின் இன்மை.

இந்நாவலின் எல்லை அதன் இலக்கிலிருந்தே எழுகிறது. கூலிப் போராட்டத்தை நோக்கிக் கதை நகர நகர, புண்பட்ட உடல்கள் போராட்டத்தின் நியாயத்துக்குச் சான்றுகளாகின்றன. சான்றாகிவிட்ட உடல் தனித்தன்மையை இழக்கிறது. கூலி உயர்ந்தால் கண்ணும் காலும் நலம்பெறுமா என்ற வினாவுக்குள் நாவல் செல்வதில்லை. கூலி உயர்வு உணவைத் தரும், மருந்தைத் தரும். வெயிலையும் உப்புநீரையும் அகற்றாது. அதற்கு நிழலும் குடிநீரும் காலுறையும் வேலைநேர மாற்றமும் வேண்டும். இவை கூலியிலிருந்து வேறான கோரிக்கைகள்.

எதிர்வாதம்: சென்னை ஆய்வு தரும் பாடம்

சமூகக் காரணங்களை வலியுறுத்தும் வாசிப்பு, மருந்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடும் பிழைக்கு ஆளாகக்கூடும். அதற்கு மறுப்பாக அமையும் வலிமையான சான்று சென்னையிலேயே உண்டு. புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயால் இறந்தார். அந்நோய்க்கான மருந்துகள் அப்போதுதான் உலகில் வந்துகொண்டிருந்தன. எட்டு ஆண்டுகள் கழித்து, 1956-இல், சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நல்லுணவும் ஓய்வும் காற்றோட்டமும் கொண்ட சானடோரியத்தில் தங்கி மருந்துண்டவர்களையும், நெருக்கடியான ஏழை வீடுகளில் குறைந்த உணவோடு இருந்து அதே மருந்தை உண்டவர்களையும் அம்மையம் ஒப்பிட்டது. 1959-இல் வெளியான முடிவு உலக மருத்துவத்தையே மாற்றியது. ஓராண்டுச் சிகிச்சைக்குப்பின் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வறுமை இருந்தும் மருந்து வென்றது.

இம்முடிவு இதுகாறும் கூறியவற்றை மறுப்பதுபோல் தோன்றினும், கூர்ந்து நோக்கின் அதை வரையறைப்படுத்துகிறது. நோய் வந்தபின் மருந்து வறுமையைக் கடந்து செயல்படும் என்பதை அவ்வாய்வு மெய்ப்பித்தது. நோய் யாருக்கு வருகிறது என்பது அதன் வினாவன்று. அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில் கிடைத்தது. காசநோயாளிகளின் வீட்டிலிருந்த உறவினர்க்குக் கூடுதல் உணவுப்பொருள் அளித்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. சென்னை ஆய்வையும் இதையும் சேர்த்துக் காணும்போது, மருந்து தீர்க்கிறது, உணவு தடுக்கிறது என்பது விளங்குகிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. இங்கு ஆராயப்பட்ட படைப்புகளை மருந்துக்கு எதிரான வாதமாகக் கொள்வது தவறு. மருத்துவரின் வினா முடியும் இடத்தில் தொடங்கும் வினாவாகக் கொள்வதே பொருத்தம்.

இன்றைய பொருத்தப்பாடு

மூன்று படைப்புகளின் களங்களும் இன்று மாறியுள்ளன. அம்மாற்றங்கள் எவ்வகையின என்று பிரித்தறிய மேற்கூறிய வேறுபாடு உதவுகிறது. 2009 முதல் தமிழ்நாட்டில் செயல்பட்டுவரும் அரசு மருத்துவக் காப்பீடும், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் தீர்க்கும் வகையைச் சார்ந்தவை. பின்னது மருந்தை வீட்டுக்கே கொண்டுசெல்வதால் பிரமநாயகம் பிள்ளை போன்றோரின் சுமையைக் குறைக்கும் தன்மையது. இவற்றின் பெருமதிப்பை மறுப்பதற்கில்லை.

தடுக்கும் வகையைச் சார்ந்தவை பெரும்பாலும் மருத்துவத் துறைக்கு வெளியே நிகழ்ந்தன. தோட்டங்களில் குடிநீர், குடியிருப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கிய 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அத்தகையது. கடைகளில் வேலை செய்வோர் அமர்வதற்கு இருக்கை வழங்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் செய்த சட்டத் திருத்தமும் அத்தகையதே. நாள் முழுதும் நின்று துணி விரித்துக் காட்டுபவரின் கால் நரம்புப் புடைப்புக்கு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அது வராமலிருக்க வேண்டியது ஒரு நாற்காலி. அந்நாற்காலியைத் தரும் அதிகாரம் மருத்துவரிடம் இல்லை, ஐந்தாம் கூறாகிய கடைக்காரரிடம் உள்ளது. சட்டம் இங்கு மிகச் சரியாக அவரையே நோக்கிப் பேசுகிறது.

உப்பளத்தின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு நிவாரணம் வழங்க வழிசெய்தது. தேவையான நடவடிக்கை இது. ஆயினும் பேரிடர் என்ற சொல் திடீரென நிகழ்வதையே குறிக்கிறது, இறப்பை எண்ணுகிறது. ‘கரிப்பு மணிகள்’ காட்டும் தேய்வுக்குத் தொடக்க நாளும் இல்லை, பெரும்பாலும் இறப்புச் சான்றும் இல்லை. எண்ணிக்கைக்குள் வராத தீங்கை எண்ணிக்கையால் மட்டும் அறிய முடியாது என்ற இடத்தில் இந்நாவலின் தேவை இன்றும் தொடர்கிறது.

முடிவுரை

ஆராய்ந்த மூன்று படைப்புகளும் நோயை விதியாகவோ தனிமனிதத் தவறாகவோ காட்டவில்லை. ‘செல்லம்மா’ளில் நேரமும், ‘எரியும் பனிக்காட்’டில் கடனும், ‘கரிப்பு மணிக’ளில் பணியிடமும் நோய் வரும் வழிகளாகின்றன. மூன்றும் உழைப்பை வாங்குவோரின் கையில் உள்ளவை. நோயாளியின் கையிலோ மருத்துவரின் கையிலோ உள்ளவை அல்ல. அவ்வகையில் குறளின் நால்வகைப் பகுப்புக்கு இவை ஐந்தாம் கூறு ஒன்றைச் சேர்க்கின்றன. அதே வேளையில் முதற்கதை நோயுற்ற பெண்ணின் பகலையும், இரண்டாவது தொழிலாளரின் தன்செயலையும், மூன்றாவது தனியொரு உடலின் தேவையையும் முழுமையாகத் தொடாமல் விட்டுள்ளன.

இவ்வெல்லைகள் தமிழ்த் திறனாய்வுக்கும் ஒரு பணியைச் சுட்டுகின்றன. ஒரு படைப்பில் நோய் இடம்பெறும்போது, அது எவ்வளவு உருக்கமாகச் சித்திரிக்கப்பட்டுள்ளது என்று மட்டும் கேட்பது போதாது. அந்நோய் எந்த வழியாக வந்தது, அவ்வழியை அடைக்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது, படைப்பு அவரைக் காட்டியதா மறைத்ததா என்றும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும்போது ‘வறுமை’ என்ற பொதுச்சொல்லுக்குள் மறைந்துபோகும் வாடகையும் முன்பணமும் கழிப்பறையும் இருக்கையும் திறனாய்வின் பொருள்களாகும்.